மழைக்கு மறுநாள் வந்தவர்

கீழப்பழுவூரில் எங்கள் மாடியில் காற்றை அளக்கும் மிஷினை வைக்க அரசு அலுவலகத்திலிருந்து ஒருவர் வருவார். ஒல்லியான ஆள். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். பக்கத்து ஆலைப் புகையால் என் மகளுக்கு மூச்சிளைப்பு. மிஷினில் வைக்கும் தாளில் கரி கூடுதலாகப் படிந்தால்தான் ஆலை மேல் நடவடிக்கை வரும். மூன்றாவது தடவையும் தாள் வெள்ளையாகவே இருந்தது.

"கொடியில காயுற துணியெல்லாம் கருத்துப்போவுது. இதுல மட்டும் ஏன் சார் ஒட்டல?"

"நேத்து நல்ல மழையில்ல? மேகத்துல கரித்தூளச் சுத்தித் தண்ணி கட்டிக்கும்மா. மிச்சத்த விழுற துளி இழுத்துக்கிட்டு வந்துடும். காத்து கழுவுன மாதிரி ஆயிடும்."

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு, இவ்வளவு பொறுமையாகச் சொல்கிறாரே என்றிருந்தது. பிறகுதான் உறைத்தது. முந்தைய இரண்டு தடவையும் அவர் மழைக்கு மறுநாள்தான் வந்திருந்தார்.

"வெயில் காயுறப்ப ஒருநாள் வாங்களேன் சார்."

"மழ பேஞ்சாதாம்மா ஆபீஸ்லேருந்து எனக்கு போன் வருது," என்றவர் என் முகத்தைப் பார்க்காமல் மிஷினைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அவரை நம்பி மூன்று தடவையும் காபி போட்டுக் கொடுத்தேன். ஏமாற்ற வந்தவர், ஏமாற்றும் விதத்தை என்னிடமே ஏன் சொன்னார் என்பதுதான் இன்னும் புரியவில்லை.