தாராபுரத்தில் ஒரு ஸ்ரீரங்கத்து வீடு

ஸ்ரீரங்கத்துக்கு எல்லோரும் பெருமாளைச் சேவிக்கப் போவார்கள். நான் முதல் தடவை போனது பெண் வீட்டாரைச் சமாதானப்படுத்த. 1961, தை மாதம், பொங்கல் முடிந்த அடுத்த வாரம். அப்போது எனக்கு விமானத்தில் நேவிகேட்டர் வேலை. ஓட்டுகிறவர் வேறு ஆள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் சுற்றிலும் தண்ணீராக இருக்கும்போது, நாம் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடித்துச் சொல்வது என் பொறுப்பு. ஜாதகம் பொருந்திவிட்டது. வசந்தாவும் போட்டோவைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டாள். அவள் அப்பா சிவசாமி மட்டும், "கடல்ல வழி தப்பிட்டா என் பொண்ணு கதி என்ன?" என்று பிடித்துக்கொண்டிருந்தார்.

எழும்பூரில் ரயில் ஏறினால் திருச்சி ஜங்ஷன் சுமார் இருநூற்றுப் பத்து மைல். காலை ஐந்தே முக்காலுக்கு இறங்கினேன். ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்குப் பதினைந்து நயா பைசா. பாலக்கரை, மெயின்கார்டு கேட் வழியாக அரை மணி நேரம். என் கையில் சுருட்டிய வரைபடத்தைப் பார்த்த கண்டக்டர், "என்ன சார் அது?" என்றார். கடலுக்கு வழி பார்க்கும் படம் என்றேன். "அப்ப காவிரிப் பாலத்துலயே இறங்கிக்குங்க. அது நேரா கடலுக்குத்தான் போகுது" என்று விசில் ஊதினார். பஸ்ஸே சிரித்தது.

அம்மா மண்டபம் படித்துறையில் குளித்தேன். மாமனார் ஆகப்போகிறவரிடம் என்ன பேசுவது என்ற யோசனையில் கைக்கடிகாரத்தைக் கழற்றாமலே முங்கிவிட்டேன். அது ஏழு பத்தோடு நின்றுபோயிற்று.

சிவசாமி பொன்மலையில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு படித்துறையிலிருந்து பத்து நிமிட நடை. காபி வந்தது. நான் என் வேலையைப் பற்றி ஆரம்பித்ததும் கையமர்த்தினார்.

"பேச்செல்லாம் வேண்டாம் தம்பி. யாரையும் கேக்காம, இந்த வீடு எங்க இருக்குன்னு உங்க படத்துல வச்சுக் காட்டுங்க. அப்புறம் முடிவு சொல்றேன்."

சிரிப்பாக இருந்தாலும் நியாயமான பரீட்சை. செக்ஸ்டன்ட் என் பெட்டிக்குள் இருந்தது. சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்கும் கருவி அது. ஆனால் அளந்த நேரம் நொடி சுத்தமாகத் தெரிய வேண்டும்; என் கடிகாரமோ காவிரித் தண்ணீரைக் குடித்துவிட்டிருந்தது. சிவசாமி பெருமையாகத் தன் பாக்கெட் கடிகாரத்தை நீட்டினார். "தினம் காலையில சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சரி பண்றேன். முப்பது வருஷம் வண்டியை நேரத்துக்குக் கிளப்பினவன் நான்."

ஒன்பது மணிக்கு ஒரு தடவை, உச்சிப்பொழுதில் ஒரு தடவை, மொட்டை மாடியில் சூரியனை அளந்தேன். வசந்தா பக்கத்தில் நின்று, நான் "இப்போ" என்றதும் நேரத்தைப் படித்துச் சொன்னாள். அவள் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன். கொஞ்சமும் பதற்றமில்லை.

கூடத்தில் வரைபடத்தை விரித்துக் கணக்குப் போட்டேன். கோடுகள் வெட்டிக்கொண்ட இடத்தில் பென்சிலால் சிலுவைக்குறி போட்டேன். வீடு தாராபுரத்துப் பக்கம் விழுந்திருந்தது. மேற்கே எண்பத்தைந்து மைல்!

ரப்பர் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. சிவசாமி தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தார். அழித்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் குறி போட அரை நிமிடம் போதும். ஆனால் எங்கள் வேலையில் முதல் விதி அதுதான்: நாம் இருக்க வேண்டிய இடத்தைப் படத்தில் போடக்கூடாது, கணக்கில் வந்த இடத்தைத்தான் போட வேண்டும். கடலில் பொய்க்குறி போட்டால், அடுத்த குறியும் அதற்கடுத்ததும் பொய்யாகும்.

சிவசாமி வந்து பார்த்தார். "தாராபுரமா! இங்க நிக்கிற வீட்டையே கண்டுபிடிக்க முடியல, நீங்க சிங்கப்பூரைக் கண்டுபிடிக்கப் போறீங்களா?"

"ஒரு நிமிஷம் பொறுங்க சார். தெற்கு வடக்கு சரியா வந்திருக்கு, நாலு மைல்தான் வித்தியாசம். கிழக்கு மேற்குதான் தப்பு. பூமி நாலு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி சுத்துது, இங்க அது அறுபத்தெட்டு மைல்; எண்பத்தஞ்சு மைல்னா அஞ்சு நிமிஷம். அப்படின்னா தப்பு சூரியன்ல இல்ல, நேரத்துல. உங்க கடிகாரம் அஞ்சு நிமிஷம் வேகமா ஓடுது."

அவர் முகம் சிவந்துவிட்டது. கார்டு கடிகாரத்தைக் குறை சொல்வதா? கதை முடிந்தது என்று படத்தைச் சுருட்டப் போனேன். அப்போது அடுக்களையிலிருந்து வசந்தாவின் அம்மா குரல் கொடுத்தார்.

"அவரைத் திட்டாதீங்க. சுவர்க் கடிகாரத்தை நான்தான் அஞ்சு நிமிஷம் முன்னால தள்ளி வச்சேன். ரிட்டையர் ஆனதிலேர்ந்து நீங்க எங்க கிளம்பினாலும் லேட்டு. போன கல்யாணத்துல பந்தியே முடிஞ்சு போச்சு."

சிவசாமி கடிகாரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "எங்க வீட்டு ரகசியத்தைச் சூரியனை வச்சுக் கண்டுபிடிச்சுட்டீங்களே" என்று சொல்லி, எனக்கு இன்னொரு காபி கொண்டுவரச் சொன்னார். அந்தக் காபியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. வைகாசியில் கல்யாணம்.

இப்போது போகிறவர்களுக்கு: நான் சொன்ன கட்டணம் எதுவும் செல்லாது, விசாரித்துக்கொள்ளுங்கள். தை மாதம் வெயில் இதம். படித்துறையில் இறங்கும் முன் கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். யார் வீட்டிலாவது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று பதறினால், இன்னொரு வாய் காபி குடித்துவிட்டே கிளம்புங்கள். நேரம் இருக்கும்.

இதை எழுதி முடித்து வசந்தாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "அப்பா கடிகாரம் அஞ்சு நிமிஷம் வேகம்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

இத்தனை வருஷம் கழித்து! "அப்புறம் ஏன் அப்படியே படிச்சுச் சொன்னே?"

"என்ன பண்றீங்கன்னு பார்க்கத்தான். அழிச்சு ஸ்ரீரங்கத்துல போட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

நான் ரப்பரைத் தொடவே இல்லை என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன்.

"தொட்டீங்க. கதவுக்குப் பின்னாலதானே நின்னேன். கையில எடுத்தீங்க, கீழ வச்சீங்க. வச்சதுக்கு அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துது."