தள்ளிப்போட்ட வினைமுற்று

ஒரு கதை ருசிக்க வேண்டும் என்பதற்காக, என் மதினியைச் சற்று நேரம் விதவையாக நிறுத்தி வைத்திருந்தேன்.

நீங்கள் என்னை வாசித்திருக்கலாம். வாரப் பத்திரிகையிலும் இப்போது கைபேசியிலும் மர்மத் தொடர்கள் எழுதுகிறேன். கதவு திறக்கப் போகும் இடத்தில் ‘தொடரும்’ போட்டு உங்கள் தூக்கத்தைக் கெடுப்பவன் நான்தான். அதில் எனக்கு மிகுந்த சந்தோஷம் உண்டு, அதை மறைக்கவில்லை. மறைத்தது வேறு...

அந்த மார்கழியில் தாமிரபரணி கரை கொள்ளாமல் ஓடியது. அண்ணன் பத்தமடைப் பாய்களை வேனில் ஏற்றிக்கொண்டு, சாத்தான்குளத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுக்கப் போயிருந்தான். திரும்பவில்லை. கைபேசி எதுவும் வேலை செய்யவில்லை. மதினி சோறு தண்ணீர் இல்லாமல் பாளையங்கோட்டை வீட்டு வாசலிலேயே நின்றார். மழை வெறித்ததும் நான் பைக்கை எடுத்துக்கொண்டு தேடிப் போனேன்.

கண்டுபிடித்தும் விட்டேன். ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில், வெள்ளத்துக்கு ஒதுங்கிய கூட்டத்தோடு உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வேனை மீட்டுக்கொண்டுதான் வருவேன் என்றான். எவ்வளவு எளிய சேதி! ‘நல்லா இருக்கான்’ என்று வண்டியை நிறுத்தும்போதே கத்தியிருக்கலாம்.

ஆனால் தெருவே எங்கள் வாசலில் கூடியிருந்தது. என் கதைகளை ஒருநாளும் சட்டை செய்யாத தெரு அது. இப்போது அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

“ஓடைப் பாலத்துக்கிட்ட நம்ம வேன் சரிஞ்சு கெடந்துச்சு. கதவு தெறந்து கெடந்துச்சு. பாயெல்லாம் தண்ணியில மெதக்குது. பைய எறங்கி உள்ள எட்டிப் பார்த்தேன்... ஆள் இல்ல.”

ஒரு பொய்கூடக் கலக்கவில்லை. அதுதான் என் சாமர்த்தியம்!

மதினி முகத்தில் ஈயாடவில்லை. “அவுக இருக்காகளா தம்பி? அத மட்டும் சொல்லுங்க” என்றார்.

“இருங்க மதினி, சொல்லுதேன்” என்றேன்.

நம் மொழியில் வினைமுற்று கடைசியில்தான் வரும். ஒருவன் இருக்கிறானா, போய்விட்டானா என்பதை வாக்கியம் முடியும்போதுதான் சொல்லும். “அங்கன இருந்து கொஞ்ச தூரத்துல, அண்ணன...” என்று நிறுத்தினேன். அடுத்து வருவது ‘பார்த்தேன்’ என்பதா, ‘காணல’ என்பதா, கரையில் கிடத்தியிருந்தார்கள் என்பதா... மதினியின் கை தாலியை இறுகப் பிடித்தது. அதைப் பார்த்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்? எனக்கு நன்றாக இருந்தது. வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

பிறகுதான் சொன்னேன். “ஒரு மண்டபத்துல பார்த்தேன். உக்காந்து உப்புமா சாப்பிடுதான்.”

தெருவே சிரித்தது. மதினி நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

தாலியைப் பிடித்த அந்தக் கையை அடுத்த தொடரில் அப்படியே எழுதினேன். என் பெயர் நாலு பேருக்குத் தெரிந்தது அந்த அத்தியாயத்தால்தான். இன்று புதிதாக எழுத வருபவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். ‘வினைமுற்றைத் தள்ளிப்போடுங்கள்’ என்று சொல்லிக் கொடுக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். அண்ணன் வியாபாரமும் நன்றாக நடக்கிறது. திருப்தியான வாழ்க்கைதான், இந்த ஒன்றைத் தவிர.

மதினி என்னை ஏசியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அவரோ வேறு விதமாகப் புரிந்துகொண்டார். போன தீபாவளிக்கு அவர் மகளின் மாமனார் வீட்டார் வந்திருந்தார்கள். அவர்களிடம் அந்த நாளை விவரித்தார்.

“பாவம், தம்பிக்கு அன்னைக்கு நாக்கே எழும்பல. ‘அண்ணன’ன்னு சொன்னதும் தொண்டை அடைச்சுப் போச்சு. எங்கூடப் பொறந்தவன்கூட இம்புட்டுப் பாசமா இருக்க மாட்டான்.”

அண்ணன் என் தோளில் கை வைத்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டாமா...

“அப்படித்தான தம்பி?” என்று மதினி என்னைப் பார்த்துக் கேட்டார்.

“ஆமா மதினி” என்றேன். கொஞ்சம்கூடத் தாமதிக்கவில்லை.