சிவப்புக் கோட்டுக்கு மேல் மழை

கணவர் இறந்த மறுவருஷம், அவர் வேலை பார்த்த வானிலை அலுவலகத்திலேயே எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். எழுபதுகளின் நடுவில், கேரளத்தில். அழுகை எப்போதோ நின்றுவிட்டிருந்தது; அந்த இடத்தில் வேறொன்றும் வரவில்லை. கோட்டைக்குள் இருந்த வீட்டிலிருந்து நடந்து போவேன், சொன்னதை டைப் அடிப்பேன், சாலைக் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புவேன்.

அந்த மழைக்காலத்தில் வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் லயத்தின் கடைசி வீடுகளை மூடிவிட்டது. பலத்த மழை பெய்யும் என்று முந்தின நாளே ரேடியோவில் சொல்லியிருந்தோம். யாரும் வீட்டைவிட்டு இறங்கவில்லை. ஏன் என்று நேரில் கேட்க எங்கள் விஞ்ஞானி ஒருவர் புறப்பட்டார். அவர் மலையாளி, தோட்டத்தில் இருந்தவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்கள்.

"நீங்களும் வரணும். அவங்க பேசுறது எனக்குப் பாதிதான் மனசிலாகும்" என்றார். போனேன்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் லயத்து வாசலில் கூடினார்கள். தங்கையைப் பறிகொடுத்த ஒருத்திதான் முதலில் பேசினாள்.

"ரேடியோ கேட்டோம்க்கா. கேரளத்துல பலத்த மழைன்னான். ஆடி மாசம் இங்க என்னைக்குப் பலத்த மழை இல்ல? எங்க லயத்துக்கு ஆபத்தா, எங்க போய் ஒதுங்கணும், அதையில்லா சொல்லணும்."

அப்புறம் தங்கையைப் பற்றிச் சொன்னாள். ஓடை கலங்குகிறது என்று இவள் கூப்பிட்டிருக்கிறாள். "சோறு கொதிக்கு, வடிச்சிட்டு வாரேன்னா. அவ்வளவுதான்."

நான் மலையாளத்தில் சொன்னேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நேரம் சொல்வதுபோல இருந்தது என் குரல். 'வடிப்பது' என்பதற்குச் சரியான மலையாள வார்த்தை எது என்றுதான் மனம் தேடியது. அவர் குடையை மடக்கியபடி நின்றார். பிறகு அந்த ஓடையைக் காட்டச் சொன்னார்.

பலமுறை போய் வந்தோம். லயத்துக்குப் பக்கத்திலேயே மழைமானி வைத்தார்கள். தோட்டத்தின் பழைய மழைக் கணக்கை அவர் பார்த்தார். எந்த மழையில் எங்கே மண் இளகியது என்று பெண்கள் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்து, இதற்கு மேல் பெய்தால் ஆபத்து என்று ஓர் அளவு முடிவானது. மில்லிமீட்டர் பற்றி அவர் விளக்க ஆரம்பித்ததும் தங்கையைப் பறிகொடுத்தவள் குறுக்கிட்டாள்.

"நம்பர் வேண்டாம் சாரே. கண்ணாடியில ஒரு கோடு போட்டுத் தாங்க."

சிவப்புக் கோடு போட்டார். அதைத் தண்ணீர் தாண்டினால் எல்லோரும் ஃபாக்டரி மாடிக்குப் போய்விட வேண்டும். சங்கு ஊதலாம் என்றார் மானேஜர். சங்கு கேட்டால் வேலைக்குக் கூப்பிடுவதாகத்தான் நினைப்போம் என்றார்கள். அதனால் கோயில் மணி.

அடுத்த மழைக்காலத்தில் மணி அடித்தது. மாடியில் போய்க் கிடந்தார்கள். ஒன்றும் விழவில்லை. நாங்கள் போனபோது எல்லோரும் கோபமாக இருந்தார்கள். வயதானவர்களைத் தூக்கிக்கொண்டு நனைந்ததுதான் மிச்சம் என்றார் ஒருவர்.

"கோட்டை ஏத்திப் போட்டுருவமா?" என்று அவள் கேட்டாள்.

"எனக்கும் உறப்பில்லை" என்றார் அவர். நிச்சயமில்லை என்று நான் தமிழில் சொன்னேன். அதிகாரி ஒருவர் அப்படிச் சொன்னது அவர்களுக்குப் புதிது, கொஞ்சம் அடங்கினார்கள். நெடுநேரம் பேசி, கோட்டை அப்படியே விட்டார்கள். தண்ணீர் கோட்டைத் தொட்டால் மூட்டை கட்டுவது, ஓடையும் கலங்கினால் மணி அடித்துக் கிளம்புவது என்று மாற்றினார்கள்.

ஆவணியில் மண் வந்தது. லயத்தின் பின்சுவர் முழுக்க விழுந்தது. உள்ளே யாருமில்லை. போனில் செய்தி வந்ததும் அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் என்னையும் வாழ்த்தினார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று எனக்குத் தெரிந்தது. அறிக்கையை டைப் அடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுவாரம் தோட்டத்துக்குப் போனபோது அவள் எங்களுக்குக் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கொடுத்தாள். நான் மீனை ஒதுக்கிவிட்டு வெறும் கப்பையைத் தின்றேன். உப்பு கூடுதல் என்றேன். சாப்பாட்டைப் பற்றி நான் ஏதாவது சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

"கூடுதல்தான்" என்றாள் அவள். பிறகு அவரைக் காட்டி, "கீழ லயத்துலயும் ஒரு மழைமானி கேக்காங்க, சொல்லுங்கக்கா" என்றாள். சொன்னேன்.