சோற்றுக்குள் ஒளித்தது

நானும் தம்பியும் கல்லடியிலிருந்து பாலம் தாண்டி டவுனுக்கு வேலைக்குப் போகிறோம். தம்பிக்குப் போதைத்தூள் பழக்கம். பின்னேரம் திரும்பி வரும்போது அது இல்லாமல் நடுங்கினால், பாலத்தடி ஆமிச் சென்றிச் சோதனையில் சந்தேகத்தில் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து, என் சோற்றுப் பார்சலுக்குள் அதை நானே ஒளித்துக் கொண்டுபோனேன்.

ஒருநாள் காலை, பொம்பிளை ஆமி பார்சலை அவிழ்த்துச் சோற்றுக்குள் விரலை விட்டாள். மீன்குழம்பு பட்டதும் முகத்தைச் சுளித்து, "போ" என்றாள்.

பொம்பிளைகளைச் சோதிக்கும் கொட்டிலை விட்டு வெளியே வந்தேன். காத்துநின்ற தம்பி கேட்டான்: "அக்கா, சாமான் நனையல்லையே?"

என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"இனிக் கொண்டுவரமாட்டன்டா. ஆசுபத்திரிக்கு வா, நானும் வாறன்."

இப்போது சென்றியில் அவன் நடுங்குகிறான், எனக்கும் பயம்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஆசுபத்திரியில் சிகிச்சைக்குத் தந்த கிளினிக் கொப்பியை ஆமியிடம் நீட்டுகிறேன். பார்சலில் சோறு மட்டும்தான்.