கீழ வீதியில் குணா துணி விற்றேன்

கைவேலைப் பொருள் விற்கிற கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் விலையைக் கேட்டுவிட்டுப் போவார்கள். மீதிப் பேர் கோயிலுக்கு வழி கேட்டுவிட்டுப் போவார்கள். கோபுரம் கடை வாசலிலிருந்தே தெரியும் என்பது வேறு விஷயம்.

2004லிருந்து 2012 வரைக்கும் சிதம்பரம் கீழ வீதியில் அப்படி ஒரு கடையில் நின்றேன். தினமும் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ். குறிஞ்சிப்பாடிக் கைலி, துண்டு, கோரைப்பாய், பனையோலைப் பெட்டி, மண் பொம்மை எல்லாம் இருக்கும். முதலாளி அமலா அக்கா கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனிலிருந்து வருவார். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்கள் இதைப் படித்தால் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். மற்றவர்கள், அடுத்த முறை பிரித்துப் பார்த்த துணியை மடித்து வைத்துவிட்டுப் போங்கள், போதும்.

சென்ட்டுக்குப் பதில்

அமலா அக்காவின் கணவருக்குக் கப்பலில் வேலை. ஒரு தடவை லீவில் வந்தபோது பனாமாவிலிருந்து பன்னிரண்டு துணித் துண்டுகள் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு உள்ளேதான். சிவப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்று கண்ணைப் பறிக்கிற நிறங்கள். மீன், ஆமை, பறவை, என்னவென்றே புரியாத வளைவுகள். அந்த ஊரில் குணா என்று ஒரு பழங்குடி மக்கள் தீவுகளில் இருக்கிறார்களாம். பெண்கள் தங்கள் ரவிக்கைக்கு முன்னாலும் பின்னாலும் வைத்துத் தைக்கிற துணி இது, பேர் மோலா என்றார். துறைமுகத்துக்கு வெளியே தரையில் விரித்துப் போட்டு விற்ற ஒரு அம்மாவிடம், பாஷை தெரியாமல் விரலைக் காட்டிக் காட்டியே வாங்கினாராம்.

துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல்துணியைப் படத்துக்கு ஏற்ப வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்துக் கையால் தைக்கிறார்கள். வெட்டின இடத்தில் அடியில் இருக்கிற துணியின் நிறம் எட்டிப் பார்க்கும். அதை அவர் ரொம்ப ஆசையாக விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா பன்னிரண்டையும் கவுண்டர்மேல் பரப்பி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சென்ட்டு வாங்கியாங்கன்னு சொன்னேன் கல்பனா. தலகாணி ஒறையில முன்பக்கம் மட்டும் வாங்கியாந்துருக்காரு."

எந்தத் தெரு டெய்லர்?

துணி கடைக்கு வந்தாயிற்று, விற்றாக வேண்டும். ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் 'குணா கைவேலை' என்று எழுதினேன் என்று சொன்னால் பொய். எழுதியது அக்கா, அதைக் கண்ணாடிக் கதவில் ஒட்டியது நான். அன்றிலிருந்து வந்தவர்கள் எல்லாருக்கும் குணா ஒரு ஆள். குணா வயசானவரா, குணா கடலூரா புவனகிரியா என்று கேட்டார்கள். பனாமா, தீவு, பழங்குடி என்று தொண்டை வறளச் சொல்வேன்.

ஒரு அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தையலை மூக்கு கிட்டே வைத்துப் பார்த்தார். இது ரவிக்கைத் துணி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. சரி, ஒன்று விற்றது என்று நான் கவரை எடுத்தேன். அவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "கை நல்லா இருக்கு. அந்த குணாவ வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்க, எங்கிட்ட நாலு பிளவுஸு கெடக்கு."

தனபால் அண்ணன் நகம்

ஒரு நாள் ஒரு காலேஜ் வாத்தியார் வந்தார். மீன் போட்ட மோலாவைக் கையில் எடுத்து, இது மிஷின் வேலை, உங்களை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்றார். இரண்டு வருஷமாகக் கைவேலை கைவேலை என்று விற்கிறேன், கைவேலையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்கே தெரியாது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அவர் போனபிறகும் முகம் சுட்டுக்கொண்டே இருந்தது.

மத்தியானம் குறிஞ்சிப்பாடியிலிருந்து தனபால் அண்ணன் துண்டுக் கட்டோடு வந்தார். சொந்தத் தறி வைத்திருப்பவர், சேலத்துத் துண்டையும் தன் துண்டையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்வார். நடந்ததைச் சொன்னேன். அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, துணியைப் பின்பக்கம் திருப்பினார். தையல் ஒவ்வொன்றும் ஒரு சீராக இல்லை, அதனால் கைதான் என்றார். மேல்பக்கம் நூல் தெரியவே இல்லை, அதனால் நல்ல கை என்றார். வெட்டின ஓரத்தில் நகத்தை வைத்து மெதுவாக நெருடி, ஒன்று, இரண்டு, மூன்று என்று அடுக்கை எண்ணினார். ஓரத்தில் பழைய தையல் பிரித்த ஓட்டை வரிசையாக இருந்தது. யாரோ உடுத்தின ரவிக்கையிலிருந்து எடுத்தது என்றார். அன்றிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் பின்பக்கத்தைத்தான் காட்டினேன். வியாபாரமும் கொஞ்சம் சூடு பிடித்தது.

அண்ணன் போவதற்கு முன்னால் அந்த மீனை இன்னொரு தடவை கையில் எடுத்தார். நான் வாங்கிவந்த டீ ஆறிப்போனது, கவனிக்கவில்லை. பிறகு சொன்னார்: "தறியில தப்பு வுட்டா பிரிச்சிட்டு மறுபடி போடலாம்மா. இது கத்திரி வச்சா வச்சதுதான். அந்தப் பொம்பளைக்கு என்னா தைரியம் பாரு."

ஒத்துப்போகாத ஜோடி

ரவிக்கைக்கு முன்னும் பின்னும் என்பதால் மோலா ஜோடியாகத் தைப்பார்கள். ஒரே படம், ஆனால் அச்சாக ஒன்றுபோல இருக்காது. புவனகிரியிலிருந்து வந்த ஒரு அம்மா ஆமை ஜோடியை ஹாலில் மாட்ட வாங்கிப்போனார். நான்காம் நாள் அதே கவரோடு வாசலில் நின்றார். ஒரு ஆமைக்கு முதுகில் ஏழு கட்டம், இன்னொன்றுக்கு ஒன்பது. டேமேஜ் பீஸைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் சண்டையாம்.

அச்சடித்தால்தான் ஒன்றுபோல வரும், இரண்டாவதைத் தைக்கும்போது அந்தப் பெண் மனசு மாறியிருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என்னைக் கேட்டமாதிரியே தெரியவில்லை. இரண்டு ஆமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே மடித்துக் கவரில் போட்டுக்கொண்டார். "முப்பது வருசமா அவருக்கும் எனக்குமே ஒத்துப்போவல, ஒரே வூட்லதான் இருக்கோம். இதுவும் இருக்கட்டும்."

லேபிளில் என்ன எழுதுவது

இது கொஞ்சம் பெரிய விஷயம். கடையை மூடிவிடலாமா என்று அக்கா யோசித்துக்கொண்டிருந்த சமயம். சீசன் படுத்துவிட்டது, எனக்கும் வேறு வேலை தேட வேண்டும் என்ற பயம் வந்துவிட்டது. அப்போது புதுச்சேரியிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். மோலாவைப் பார்த்தார், பிடித்துப்போனது, ஐம்பது வேண்டும் என்றார். அக்காவின் கணவர் அந்தப் பக்கம் எப்போது போவார் என்று அவருக்கே தெரியாது என்றோம். எதற்குப் பனாமா, இங்கேயே தைத்துக் கொடுங்கள், லேபிளில் மட்டும் பனாமா பழங்குடிப் பெண்கள் கைவேலை என்று போட்டுவிடுங்கள் என்றார்.

தேவனாம்பட்டினத்தில் கலா என்று ஒருவர், சுனாமிக்குப் பிறகு தையல் பழகி, பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆறேழு பேரைச் சேர்த்துக்கொண்டு எங்களுக்குப் பை தைத்துக் கொடுப்பார். மாதிரிக்கு ஒன்று கொடுத்தோம். நாலு துணியைப் பாழாக்கி ஐந்தாவதில் கையைப் பிடித்துவிட்டார். பத்து நாளில் வந்த மீனைப் பார்த்து நானே எது எதென்று திணறினேன். மாதிரியைப் பார்க்க வியாபாரியும் வந்திருந்தார், அக்கா என்னை லேபிள் எழுதச் சொன்னார். நான் பேனாவை எடுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, எழுதியிருப்பேன். வேலை போகிற பயம் அப்படி.

கலா பக்கத்திலேயே நின்றார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார், படித்துக் காட்டினேன். வியாபாரிக்கு முன்னாலேயே தன் மீனை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். கோபம் எல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் பேசினார். தன் பேரைப் போட்டால் எத்தனை வேண்டுமானாலும் தைக்கிறேன் என்றார். வியாபாரி அப்படியானால் வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். அக்கா ஒரு வாரம் கலாவிடமும் என்னிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவரே கலாவுக்குப் போன் செய்து, மீன் இருக்கட்டும், நண்டு வருமா என்று கேட்டார். நண்டு, இறால், கட்டுமரம் என்று கலாவின் பேரிலேயே தைத்து வந்தது. மெதுவாகத்தான் போனது, ஆனால் போனது. கடை மூடவில்லை. அன்றைக்கு வியாபாரி படியிறங்கினதும் நான் ஏன் இப்படிப் பண்ணினீர்கள் என்று கேட்டதற்குக் கலா சொன்னது: "நான் தச்சதுல கோணல் வந்தா என்னையில்ல திட்டணும்? எங்கயோ தீவுல இருக்கறவ எதுக்குத் திட்டு வாங்கணும்?"

பறவை போன இடம்

பன்னிரண்டில் பதினொன்று விற்றுவிட்டது. மிச்சம் இருந்த பறவையை நான் விற்கவிடவில்லை. யார் கேட்டாலும், அது ஒருத்தர் சொல்லிவைத்தது என்பேன். அந்த ஒருத்தர் நான்தான் என்று அக்காவுக்குத் தெரியும்.

2011 கடைசியில் தானே புயல் அடித்து ஒரு வாரம் கழித்துதான் சிதம்பரத்துக்கு ஒழுங்காக பஸ் வந்தது. கடைக்குள் தண்ணீர் இறங்கி, சாயம் போன பெட்ஷீட் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பறவை நனைந்திருந்தது, ஆனால் ஒரு சொட்டுச் சாயம் போகவில்லை. வாசல் கம்பியில் காயப் போட்டேன். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு ஸ்கூலில் டீச்சராக இருந்த ரெபேக்கா அம்மா அப்போது உள்ளே வந்தார். அஞ்சு வருஷமாக வருகிறவர். பார்ப்பார், தடவுவார், ஒன்றும் வாங்காமல் போவார். அவரை நான் வாங்குகிறவர்கள் கணக்கில் சேர்க்கவே மாட்டேன். வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். முந்திரித் தோப்பு மொத்தமும் சாய்ந்துவிட்டது, ஓடு எல்லாம் பறந்துவிட்டது என்றார். பாய், பெட்ஷீட் ஏதாவது வேண்டுமா, காய வைத்துத் தருகிறேன் என்றேன். அவர் கம்பியில் ஆடிக்கொண்டிருந்த பறவையைக் காட்டினார்.

இது சொல்லிவைத்தது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அக்கா உள்ளேயிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் இது எதற்கு டீச்சர் என்று மட்டும் கேட்டேன். ரெபேக்கா அம்மா பறவையை எடுத்து, ஈரம் போக இரண்டு உதறு உதறினார். "மேல ஒண்ணும் இல்ல கல்பனா, செவுரு மட்டும் நிக்குது. வெறுஞ்செவுரா பாத்துக்கிட்டிருக்க முடியல." நானே மடித்துக் கொடுத்தேன்.

யார் வாங்குவார், யார் சும்மா பார்த்துவிட்டுப் போவார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எட்டு வருஷம் பெருமை அடித்துக்கொண்ட நான், ஒரு தடவைகூடச் சரியாகச் சொன்னதில்லை.