தனபாக்கியத்தின் எட்டுக் கோழிகளும் என் இருபதும்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொரட்டூர் வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. "டீச்சர், தனபாக்கியத்தோட பொண்ணு விஜயா பேசறேன். அம்மா காலையில தவறிட்டாங்க" என்றது குரல். எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது, உட்கார்ந்தேன். அழுகை வருவதற்கு முன்பே என் வாயில் வந்த கேள்வி, "யார் யாருக்கெல்லாம் சொல்லியாச்சு?" என்பதுதான். விஜயா நம் பழைய குவார்ட்டர்ஸ் வரிசைப் பெண்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனாள். நான் ஏழாவது ஆள். போகும்போதுகூட என்னை ஏழாவது இடத்தில் வைத்துவிட்டுப் போகிறாளே என்று சுருக்கென்றது. அதற்குப் பிறகுதான் அழுதேன்.

ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் நம் வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து போடும் இந்த நினைவு மலரில், தமிழாசிரியை என்பதற்காக முதல் பக்கத்தை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அன்பே உருவானவள், கேட்டதைக் கொடுப்பவள் என்று எழுதி முடித்துவிடலாம். அதை எழுத நீங்கள் இருக்கிறீர்கள். நான் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. எண்பதுகளின் கடைசியில் தொடங்கி ஆறு வருடம், ஒரு நாள் விடாமல் அவளைப் பார்த்து வயிறு எரிந்தவள். எனக்குத் தெரிந்த தனத்தை நான் அப்படித்தான் சொல்ல முடியும்.

அவளுக்கு எட்டு நாட்டுக்கோழிகள். பின்கட்டில், தொழிற்சாலை ஏலத்தில் எடுத்த பாக்கிங் பலகையில் அவள் கணவர் அடித்துக் கொடுத்த சின்னக் கூண்டு. அந்தக் கோழிகளின் மேல் வெயில் பட்டால் எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல மினுக்கும். வரிசையில் யார் பிள்ளை உண்டாகியிருந்தாலும் முட்டைக்கு அவள் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். நின்றவர்கள் முட்டையை வாங்கிக்கொண்டு உடனே போகவும் மாட்டார்கள். அரை மணி நேரம் அவளோடு சிரித்துப் பேசிவிட்டுத்தான் போவார்கள். நான் பி.ஏ., பி.எட். படித்தவள். என் வாசலில் யாரும் அரை மணி நேரம் நின்றதில்லை.

ஆகவே நானும் கோழி வாங்கினேன். அவளுடையதைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்று ஒன்பது வாங்கினேன். ஒன்பது யார் கண்ணிலும் படவில்லை. இருபதாக்கினேன். கூண்டு மட்டும் ஒன்பதுக்குச் செய்த அதே கூண்டு. அவள் கூண்டுக்குச் சாக்குப் படுதா; என்னுடையதற்கு நாலு பக்கமும் தகரம், உள்ளே அறுபது வாட் பல்பு, பொழுதெல்லாம் எரியும். அவள் கோழிகள் குப்பையைக் கிளறும். என் கோழிகளை வெளியே விடாமல், "எங்க வீட்டுக் கோழிக்கு வெறும் அரிசிதான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு மூன்று வேளையும் அரிசி போட்டேன். ஏன் இப்படிப் பிரியாணிக்குப் பழக்குகிறாய் என்று என் கணவர் கேலி செய்தார்.

மூன்றாம் மாதம் ஒன்றன் முதுகில் இறகு இல்லை. அடுத்த வாரம் ஐந்து கோழிகளுக்கு வால் இல்லை. ஒன்றை ஒன்று கொத்தி, பிடுங்கிய இறகை விழுங்குவதை என் கண்ணால் பார்த்தேன். குவார்ட்டர்ஸில் மனுஷருக்கு எந்தக் காயம் என்றாலும் சிவப்பு மருந்துதானே? அதையே வாங்கி வரச்சொல்லி ஒவ்வொன்றின் முதுகிலும் தாராளமாகப் பூசிவிட்டேன். மறுநாள் காலையில் ஒரு கோழி செத்துக் கிடந்தது. மற்றவை அதைச் சுற்றி நின்று இன்னும் கொத்திக்கொண்டிருந்தன.

வேலிக்கு அந்தப் பக்கம் தனமும் நம் வரிசைப் பெண்கள் நாலு பேரும் நின்றிருந்தார்கள். தனம் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், கோயிக்குச் செவப்பு பூசி வுட்டுகீற? ரத்தம்னு நெனச்சிகினு இன்னும் நாலு கொத்து சேத்துக் கொத்துமே! இரு, நான் வந்து பாக்கறேன்."

நாலு பேரும் சிரித்தார்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு யார் யார் என்றுகூட ஞாபகம் இருக்கிறது. "உன் வேலையைப் பார்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸை நிர்வகிக்கும் எஸ்டேட் ஆபீசுக்கு ஒரு மனு எழுதினேன். பெயர் போடவில்லை. குவார்ட்டர்ஸில் கோழி வளர்க்கக் கூடாது என்பது விதி. யாரும் கண்டுகொள்ளாத விதி. அதைச் சுட்டிக்காட்டி, தனத்தின் வீட்டு எண்ணைக் குறிப்பிட்டு, அவள் செய்யும் அக்கிரமங்களை வரிசையாக எழுதினேன். அந்த மனுவை எழுதியது யார் என்று பிற்பாடு ஆளுக்கொரு பெயரைச் சொன்னீர்கள். யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. நான்தான் எழுதினேன்.

பத்து நாளில் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். வேலிக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்துவதுபோல் நின்றுகொண்டேன்.

"எனக்குப் படிக்க வராது சார். இன்னா எழுதிகீதுன்னு நீங்களே படிங்க" என்றாள் தனம்.

அவர் உரக்கப் படித்தார். "மேற்படியார் ஞாயிறுதோறும் கருவாட்டுத் தலைகளை உரலில் இடித்து அந்தத் தூளைக் கோழிகளுக்குப் போட்டு நாற்றம் பரப்புகிறார். கீரைத்தண்டுகளைக் கயிற்றில் கட்டி ஆங்காங்கே தொங்கவிட்டுப் பின்கட்டைக் குப்பைமேடு ஆக்குகிறார். கூண்டைச் சாக்கால் மூடி இருட்டாக்கி வாயில்லாப் பிராணிகளை வதைக்கிறார். அடுப்புக்கரியை வேப்பெண்ணெயில் குழைத்து அவற்றின் உடம்பில் பூசுகிறார்."

"இன்னொரு தபா படிங்க சார்" என்றாள்.

அவர் இன்னொரு முறையும் படித்தார். அவள் உரல் இடிக்கும் இடம் சுவரோரம். அது தெரிகிற ஜன்னல் இந்த உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு, என் சமையலறை ஜன்னல். தனம் தலையை நிமிர்த்தி அந்த ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் தகரக் கூண்டுக்குள் பத்தொன்பது கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. மனுவில் இருந்த வீட்டைத் தவிர வேறெதையும் அவர் கவனிக்கவில்லை; அவள் விரலை நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை. ஒரு வாரத்தில் எடுத்துவிடுவதாகக் கைநாட்டு வைத்துக் கொடுத்தாள்.

அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் வேலியருகே வந்தாள். திட்டுவாள், வரிசையே கூடும், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் எந்த முகத்தோடு நிற்பேன் என்று காத்திருந்தேன்.

"மனு எய்தின ஆளு நல்லாத்தான் பாத்துகீறாங்க டீச்சர். ஒண்ணுகூட வுடல. அதுல கீறதெல்லாம் அப்டியே செய்யி, உன் கோயி பொயச்சிக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். அக்கிரமம் என்று நான் வரிசையாக எழுதிக் கொடுத்தது முழுவதும் மருந்து. வருடக்கணக்காக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது உறைக்கவில்லை.

எட்டுக் கோழிகளும் கோவில்பதாகையில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போயின. மறுநாளே அவள் என் பின்கட்டுக்கு வந்துவிட்டாள். முதலில், இருட்டில் கோழி கொத்தாது என்று பல்பைக் கழற்றினாள். பிறகு, "இத்தினியூண்டு எடத்துல இத்தினியயும் போட்டு அடச்சா, அது இன்னா பண்ணும்? எட்டு போதும், மிச்சத்த எங்க அண்ணன் ஊட்டுக்கு அனுப்பு" என்றாள். எட்டு! அவளிடம் இருந்த அதே எட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பினேன். கரியையும் வேப்பெண்ணெயையும் குழைத்து அவளே பூசினாள். சிவப்பு மறைந்தது, கசப்புக்குப் பயந்து எதுவும் வாய் வைக்கவில்லை. வெறும் அரிசி தின்ற கோழி கவுச்சிக்கு ஏங்கித்தான் இறகைத் தின்கிறது என்று என்னையும் ஞாயிறுதோறும் கருவாடு இடிக்க வைத்தாள். வகுப்பில் என் புடவையில் கருவாட்டு வாசனை வருகிறது என்று பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள்.

கீரைத்தண்டைக் கோழியின் தலைக்குமேல் எட்டும் உயரத்தில் கட்டிக்கொண்டே ஒரு நாள் சொன்னாள்: "சொம்மா கீற கோயி பக்கத்துக் கோயி முதுவத்தான் பாக்கும் டீச்சர். கொத்தறதுக்கு வேற ஒண்ணு குடுத்துறணும்." கோழியைப் பற்றித்தான் சொன்னாள் என்று இன்றுவரை நம்ப முயன்றுகொண்டிருக்கிறேன்.

இரண்டு மாதத்தில் முதுகெல்லாம் முள் முள்ளாகக் குருத்து விட்டு, இறகு வந்தது. வந்ததும் என்ன நடந்தது தெரியுமா? நீங்கள் எல்லாரும் என் வீட்டு வேலியில் வந்து நின்று, "தனத்தோட கோழி முட்டை இருக்கா?" என்று கேட்டீர்கள். என் கோழி. என் அரிசி, என் கூண்டு. அவளிடம் ஒரு கோழிகூட இல்லாதபோதும் கோழிக்காரி அவள்தான். அன்றைக்கு எரிந்தது போல் எனக்கு என்றைக்கும் வயிறு எரிந்ததில்லை. அவள் கோழிகளை அனுப்பவைத்தவளே நான்தான் என்பது நினைவுக்கு வந்தும்கூட எரிந்தது.

அவள் அந்த மனுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன், பிறகு அழுதிருப்பேன், பிறகு ஒப்புக்கொண்டிருப்பேன். எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். குவார்ட்டர்ஸ் காலி செய்து நாங்கள் கொரட்டூருக்கும் அவர்கள் நெமிலிச்சேரிக்கும் போன பிறகும் அந்தப் பேச்சு என்னிடமே கிடந்தது.

அவள் உடம்பு சரியில்லாமல் படுத்தபோது போய்ப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தாள். அங்கேயும் கட்டிலைச் சுற்றி மூன்று பெண்கள். அவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்து, "தனம், அந்த எஸ்டேட் ஆபீஸ் மனு…" என்று ஆரம்பித்தேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். "வுடு டீச்சர். நீ சொன்னா நான் மன்னிக்கணும். நான் மன்னிச்சா அதுக்கும் உனக்கு வயிறு எரியும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் இருமிக்கொண்டே சிரித்தாள். ரயிலில் திரும்பி வரும்போது, இப்படிப் பேச அவளுக்கு எங்கிருந்து வருகிறது, கைநாட்டு வைக்கிறவளுக்கு, என்று வழியெல்லாம் எரிந்துகொண்டுதான் வந்தேன். அதுதான் அவளைக் கடைசியாகப் பார்த்தது.

சாவு வீட்டில் உங்கள் எல்லாரையும் பார்த்தேன். தனம் எனக்கு அக்கா மாதிரி என்றார் ஒருவர். என்னிடம்தான் எல்லாவற்றையும் சொல்வாள் என்றார் இன்னொருவர். இருக்கட்டும். அவள் அன்பை நீங்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உரல் இடிக்கும்போது அவள் எத்தனையாவது இடிக்குக் கை மாற்றுவாள், எப்போது நிறுத்தி இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குவாள், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து எந்தக் கோழியிடம் மட்டும் பேசுவாள் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? எனக்குத் தெரியும். ஆறு வருடம் வைத்த கண் வாங்காமல் பார்த்தவள் நான். அதில் ஒருவருக்கும் பங்கு தர மாட்டேன்.