ஓமும் ஆமாவும்

பரந்தன் சந்தி வாசிகசாலை வாசலில் கம்சிகாவின் பேச்சு மாறும். அம்மாவின் சைக்கிளிலிருந்து இறங்கும்வரை "வாறன், போறன்." அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏறியதும் "வாறேன், போறேன்." வயது ஒன்பது. 2023 மாசியில் விவாகரத்துத் தீர்ப்பானதிலிருந்து சனி, ஞாயிறு அப்பாவோடு. மற்ற நாள்கள் அம்மாவோடு. பிள்ளையைக் கையளிக்க இருவரும் ஒப்புக்கொண்ட இடம், நான் பொறுப்பாக இருக்கும் இந்த வாசிகசாலை.

தாய் சுதர்சினிக்கு முரசுமோட்டை. தகப்பன் வினோதனுக்கு ஜெயபுரம். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். ஜெயபுரத்தில் அவள் சம்மதித்து "ஓம்" என்றால் சித்தப்பாமார் விடமாட்டார்கள்: "ஓமமா? வயித்து வலியா பாப்பா?" முரசுமோட்டையில் "ஆமா" என்றால் தாயின் முகம் கறுக்கும்: "ஆமையோ? எங்க, குளத்துக்கையோ?"

இருவரும் சேர்ந்து நிற்கும் இடத்தில் அவள் வாயே திறப்பதில்லை. பைவாரைச் சப்பியபடி தலையை மட்டும் ஆட்டுவாள். ஒருநாள் தகப்பன் வரப் பிந்தியது. தாய் வெளியே நின்றார். பேப்பரில் சிறுவர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்னிடம் மெல்லக் கேட்டாள்:

"ஐயா, நீங்க எந்தப் பக்கம்?"

"பரந்தன்."

"அப்ப எப்பிடிக் கதைச்சாலும் பரவாயில்ல."

இந்த வருடம் பள்ளிக்கூடத்திலும் அவள் பேச்சுக் குறைந்தது. ஜெயபுரம் போய்வருவதே காரணம், சனி ஞாயிறை நிறுத்த வேண்டும் என்று சுதர்சினி நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தார். வைகாசி 14ஆம் திகதி கிளிநொச்சியில் நன்னடத்தை உத்தியோகத்தர் விசாரித்தார். கையளிப்பைப் பார்த்து வருபவன் என்று என்னையும் அழைத்திருந்தார்.

"பிள்ளைக்கு அப்பாவிட்டைப் போக விருப்பமோ?"

கம்சிகா தலையாட்டினாள்.

"வாயாலை சொல்லோணும் பிள்ளை. நான் எழுதோணுமெல்லே."

அவள் தாயைப் பார்த்தாள். "ஓ..." என்று தொடங்கினாள். தகப்பனைப் பார்த்தாள். "...மா" என்று முடித்தாள்.

"என்ன ஓமா? என்னையே திருப்பிக் கேக்கிறீரோ?" என்றார் உத்தியோகத்தர் அம்மையார்.

முதலில் சிரித்தவர் சுதர்சினி. வினோதனும் அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது சுதர்சினி பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்களுக்குப் பயந்துதான் இவள் கதைக்கிறேல்லை" என்றார்.

"நாங்கதான் மிஸ், ஆளுக்கொரு பக்கமா நாக்கப் புடிச்சு இழுத்துருக்கோம்" என்றார் வினோதன்.

மனு மீளப் பெறப்பட்டது.

வெளியே வந்ததும் கம்சிகா தொடங்கினாள். "அம்மா, அப்பான்ர செருப்பை ஆடு தின்னுருச்சு. ஒண்டுதான் மிச்சம். ஆமா, ஒண்டே ஒண்டு." பஸ் நிற்கும் இடம்வரை அவள் நிறுத்தவில்லை. எவரும் திருத்தவுமில்லை. வினோதன் மோட்டார் சைக்கிளை ஸ்ரார்ட் பண்ணாமல், அவள் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தார்.